பெரிய காருக்குத் தனிப் பெயர் வேண்டுமா?

குரோம்பேட்டையில் சாயங்கால வேளையில் ஜி.எஸ்.டி. சாலை ஓரமாக நின்று பாருங்கள். ஐந்து நிமிடத்தில் நூறு கார் போகும். சின்னக் கார், பெரிய கார், பழைய கார், புதுக் கார். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு முத்திரை. அந்த முத்திரையைப் பார்த்ததும், "இது இன்ன கம்பெனி கார். இவர் இன்ன வசதி உள்ளவர்" என்று நம் மனம் கணக்குப் போட்டுவிடுகிறது.

பெயருக்கு அவ்வளவு சக்தி!

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குரோம்பேட்டை என்ற பெயரே ஒரு கம்பெனியால் வந்த பெயர்தான். குரோமியம் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் "குரோம் லெதர் கம்பெனி" வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே வந்தது. ஊருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களைத் தெரிந்தவர்கள் இன்று மிகச் சிலர். ஆனால் பெயர் ரயில் நிலையப் பலகையில் நிற்கிறது.

ஆகவே, ஒரு கம்பெனி புதிதாக ஒரு பெயர் வைக்கிறது என்றால், அது சின்ன விஷயம் அல்ல.

சேதி என்ன?

2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஹூண்டாய் கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தன்னுடைய ஆடம்பரக் கார்களை "ஜெனிசிஸ்" என்ற தனிப் பெயரில், 2027-ம் ஆண்டுக்குள் இந்தியாவுக்குக் கொண்டுவரப் போவதாகச் சொன்னது. அந்தக் கார்களை இங்கேயே வைத்துப் பூட்டி விற்பார்களாம்.

ஹூண்டாய், கொரியா நாட்டுக் கம்பெனி. ஆனாலும் நமக்கு அன்னியம் இல்லை. 1996-ம் ஆண்டில் இந்தியாவில் கம்பெனியைப் பதிவு செய்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை கட்டியது. 1998-ம் ஆண்டில் "சான்ட்ரோ" என்ற சின்னக் காரை விற்பனைக்கு விட்டது. கூரை உயரமான கார். வயதானவர்கள் அதிகம் குனியாமல் ஏறி உட்காரலாம். பல்லாவரம் முதல் தாம்பரம் வரை எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் கார் அதுதான்.

அந்தக் கம்பெனிதான் இப்பொழுது சீமான்களுக்குத் தனிக் கார், தனிப் பெயர் என்கிறது. இது சரியா?

பக்கத்து வீட்டுத் திண்ணையில்

எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மகன், ஒரகடம் பக்கம் கார் உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்தால், எங்களுக்கு வாதம் செய்ய ஏதாவது கிடைக்கும். அன்று கிடைத்தது இந்த விஷயம்.

"கம்பெனி பெரிசானால் என் மாதிரி ஆட்களுக்கு நல்லதுதானே, மாமா? விலை உயர்ந்த கார் வந்தால், விலை உயர்ந்த சாமான் இங்கே செய்யலாம்" என்றான் மகன்.

வாத்தியார் ஒப்புக்கொள்ளவில்லை. "நோட்டுக்குப் புது அட்டை போட்டால் உள்ளே தப்பாகப் போட்ட கணக்கு சரியாகிவிடுமாடா?" என்று கேட்டார்.

வாத்தியாரின் மனைவி உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்தார். "அதெல்லாம் இருக்கட்டும். நம்ம வீட்டுக்கு ஒரு சின்னக் கார் வாங்கணும்னு மூணு வருஷமாப் பணம் சேர்க்கிறோம். கம்பெனிக்காரன் பெரிய காரைக் கொண்டாடப் போனால், சின்னக் காரை யார் கவனிப்பாங்க? அதைச் சொல்லுங்க" என்றார்.

மூன்று பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாள் கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

ஓட்டலில் ஏ.சி. அறை

நம் ஊர் ஓட்டல்களைப் பாருங்கள். கீழே சாதாரண ஹால். பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. அறை. இரண்டிலும் அதே இட்லி, அதே சாம்பார். சமையலறை ஒன்றுதான். ஏ.சி. அறையில் விலை மட்டும் கூட.

வெயில் நாளில் பத்து ரூபாய் கூடக் கொடுத்து அங்கே உட்காருகிறோம். குளிர்ச்சிக்குத்தான் அந்தப் பத்து ரூபாய். ஆனால் இட்லிக்கு 200 ரூபாய் கேட்டால் கொடுப்போமா? மாட்டோம். "இதே இட்லிதானே அந்தப் பக்கம் மலிவாக விற்கிறது?" என்று கேட்போம்.

கார் வியாபாரத்திலும் இதே கதைதான். அதே கம்பெனி, அதே பெயர், அதே கடை. அங்கே காரின் விலை கொஞ்சம் கூடினால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஆறு லட்ச ரூபாய்க் கார் விற்கும் கடையில் ஐம்பது லட்ச ரூபாய்க் காரை வைத்தால் யோசிப்பார்கள். ஐம்பது லட்சம் கொடுக்கிறவர் காரை மட்டும் வாங்கவில்லை. நாலு பேர் பார்வையில் ஒரு மதிப்பையும் சேர்த்து வாங்குகிறார். அது நல்ல குணமா, கெட்ட குணமா என்பது வேறு விஷயம். உலகம் அப்படித்தான் இருக்கிறது.

ஹூண்டாய்க்கும் இந்த அனுபவம் உண்டு. "சொனாட்டா" என்ற பெரிய காரை 2001-ம் ஆண்டில் இங்கே கொண்டுவந்தது. பிறகு "சான்டா ஃபே" வந்தது. இரண்டுமே இன்று இங்கே விற்பனையில் இல்லை.

மக்கள் வண்டி பட்ட பாடு

ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் என்று ஒரு கம்பெனி. அந்தப் பெயருக்கு அர்த்தமே "மக்கள் வண்டி" என்பதுதான். அந்தக் கம்பெனி 2002-ம் ஆண்டில் "ஃபேட்டன்" என்ற பெரிய காரை விற்பனைக்கு விட்டது. அதற்காக டிரெஸ்டன் நகரில் கண்ணாடிச் சுவர் வைத்து ஒரு தொழிற்சாலையே கட்டியது. கார் மட்டமான கார் அல்ல. தெரிந்தவர்கள் புகழ்ந்தார்கள். ஆனாலும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. அமெரிக்காவில் 2006-ம் ஆண்டிலேயே விற்பனையை நிறுத்திக்கொண்டார்கள். 2016-ல் உற்பத்தியும் நின்றது.

காரணம் என்ன? நெற்றியில் மக்கள் வண்டி முத்திரை! அவ்வளவு பணம் கொடுப்பவர்களுக்கு அது போதவில்லை.

கொரியாக்காரர் இதைக் கவனித்திருக்க வேண்டும். 2008-ம் ஆண்டில் "ஹூண்டாய் ஜெனிசிஸ்" என்று ஒரே பெயரில் பெரிய காரை விட்டார்கள். 2015-ம் ஆண்டு நவம்பரில் ஹூண்டாய் என்ற பெயரை எடுத்துவிட்டு, ஜெனிசிஸ் என்பதைத் தனி மார்க்காக ஆக்கினார்கள். 2023-ம் ஆண்டுக்குள் உலகம் முழுவதும் பத்து லட்சம் ஜெனிசிஸ் கார்கள் விற்றுவிட்டன.

இதுவரை பார்த்தால் தனிப் பெயர் வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். ஆனால் வாத்தியார் சொன்ன அட்டைக் கதையையும் கேட்க வேண்டும். அதற்கு நாம் ஜெர்மனிக்குப் போக வேண்டாம். பெருங்களத்தூர் வரை போனால் போதும்.

பெருங்களத்தூர்க் கதை

இன்று அங்கே உயரமான கணினி அலுவலகக் கட்டிடங்கள் நிற்கின்றன. ஒரு காலத்தில் அந்தப் பக்கத்தில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கார்த் தொழிற்சாலை இருந்தது. 1948-ம் ஆண்டில் ஆரம்பித்த கம்பெனி. இங்கிலாந்துக் கம்பெனியின் உதவியோடு நம் மண்ணிலேயே கார் செய்தது.

1961-ம் ஆண்டில் "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" வந்தது. சின்னக் கார். டாக்டர்கள், வக்கீல்கள், ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் விரும்பிய கார். இங்கிலாந்தில் அந்தக் காருக்கு இரண்டே கதவு. நம் வீடுகளில் பாட்டியும் குழந்தைகளும் பின்னால் ஏற வேண்டுமே! ஆகவே பின்னாளில் இங்கே நான்கு கதவு வைத்துச் செய்தார்கள். வாங்குகிற குடும்பத்தை நினைத்துச் செய்த காரியம் அது.

பிறகு "கெஸல்" என்ற கார் வந்தது. 1977-ம் ஆண்டோடு அதுவும் நின்றது. கம்பெனி சில ஆண்டுகள் வேன் மட்டும் செய்துகொண்டிருந்தது. 1983-ம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வந்தது. சின்னக் கார், குறைந்த விலை. நடுத்தரக் குடும்பம் முழுவதும் அதன் பின்னால் திரும்பியது.

அந்த நேரத்தில் ஸ்டாண்டர்டு கம்பெனி என்ன செய்தது? 1985-ம் ஆண்டில் "ஸ்டாண்டர்டு 2000" என்ற பெரிய ஆடம்பரக் காரை வெளியிட்டது. இங்கிலாந்தின் "ரோவர்" காருடைய உடம்பு. பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் பானெட்டைத் தூக்கினால்? உள்ளே இருந்தது, பல ஆண்டுகளுக்கு முன் "வான்கார்டு" காரில் ஓடிய பழைய என்ஜினின் வம்சம்!

விலை அதிகம். என்ஜின் பழையது. வாங்கினவர்கள் சிலரே. 1988-ம் ஆண்டோடு கார் உற்பத்தி நின்றது. தொழிற்சாலை மூடப்பட்டது. ஓர் ஊரே நம்பியிருந்த வேலை போயிற்று.

அந்தக் காரை ரசித்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அழகான கார் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தக் கதையில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, மேல் அட்டை மட்டும் புதிதாக இருந்தால் போதாது. இரண்டு, தன்னை வளர்த்த சின்னக் குடும்பத்தை விட்டுவிட்டு, கையில் இருப்பதையெல்லாம் பெரிய காரில் போடக் கூடாது.

ஜப்பான்காரர் செய்தது

தனிப் பெயரை ஒழுங்காகச் செய்து காட்டியவர்கள் ஜப்பான்காரர்கள். அமெரிக்காவில் அவர்களுடைய கார்களுக்கு, "மலிவு, ஆனால் கெட்டி" என்ற பெயர்தான் இருந்தது. 1986-ம் ஆண்டில் ஹோண்டா கம்பெனி "அக்யூரா" என்ற தனி மார்க்கை அங்கே ஆரம்பித்தது. 1989-ல் டொயோட்டாவின் "லெக்ஸஸ்", நிசானின் "இன்ஃபினிட்டி" இரண்டும் வந்தன.

டொயோட்டா முதலில் பெயர் வைக்கவில்லை. காரைத்தான் செய்தது. 1983-ம் ஆண்டில் வேலையை ஆரம்பித்து, ஆறு ஆண்டு பாடுபட்டு, புது என்ஜினோடு புதுக் கார் ஒன்றை உருவாக்கியது.

அதிலும் ஒரு சோதனை வந்தது. விற்பனை தொடங்கிய சில மாதங்களிலேயே பின்விளக்கு முதலியவற்றைப் பற்றி ஒன்றிரண்டு புகார் வந்தன. டொயோட்டா மறைக்கவில்லை. விற்ற சுமார் 8,000 கார்களையும் திரும்ப அழைத்தது. ஆட்கள் வீடு தேடிப் போனார்கள். காரை எடுத்துவந்து சரி செய்தார்கள். கழுவித் துடைத்து, பெட்ரோல் நிரப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். குறை சொல்ல இருந்தவர்கள் புகழ ஆரம்பித்தார்கள்!

அதே ஆண்டில் பிறந்த இன்ஃபினிட்டி அந்த அளவுக்கு உயரவில்லை. 2020-ம் ஆண்டில் மேற்கு ஐரோப்பாவை விட்டே வெளியேறியது. ஆக, தனிப் பெயர் என்பது கதவைத் திறந்துவிடும். உள்ளே போய் உட்கார வைப்பது நாணயமான சரக்கும், நல்ல கவனிப்பும்தான்.

கீழே ஒரு பெயர்

மேலே ஒரு பெயர் வைப்பதுபோல், கீழேயும் ஒரு பெயர் வைத்துப் பார்த்தார்கள். அதுவும் நம் பக்கத்திலேயே நடந்தது.

ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை 2010-ம் ஆண்டில் தொடங்கியது. நிசான் கம்பெனி, தன் பழைய "டாட்சன்" என்ற பெயரைத் தூசி தட்டி எடுத்தது. குறைந்த விலைக் கார்களுக்கு அந்தப் பெயரை வைத்து 2014-ம் ஆண்டில் இந்தியாவில் விற்பனையை ஆரம்பித்தது. 2022-ம் ஆண்டில் அதை நிறுத்திவிட்டது.

டாட்டா கம்பெனியின் "நானோ" கதையும் தெரிந்ததுதான். 2009-ம் ஆண்டில், ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று உலகமே பேசியது. ஆனால் "மலிவுக் கார்" என்ற பேச்சே அதற்கு வினையாகப் போயிற்று. 2018-ம் ஆண்டோடு அதன் உற்பத்தி முடிந்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஏழைக்கும் மானம் உண்டு. சிறுகச் சிறுகச் சேர்த்துக் கார் வாங்குகிற குடும்பம், தன் வாசலில் நிற்கும் காரின் நெற்றியில் "இது மலிவு" என்று எழுதியிருப்பதை விரும்பாது. அவர்களுக்கு விலை குறைய வேண்டும். மதிப்புக் குறையக் கூடாது.

அதே டாட்டா கம்பெனி 2008-ம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜாகுவார், லேண்ட்ரோவர் இரண்டையும் 230 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அந்தக் கார்களில் தன் பெயரை ஒட்டவில்லை. அவற்றுக்குத் தனிக் கம்பெனி, தனிக் கணக்கு. தன் சொந்தக் கார்களையும் விட்டுவிடவில்லை. இப்பொழுது ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் புதுத் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது.

மாருதி வழி

"தனிப் பெயர் எதற்கு? மாருதி செய்ததுபோல் தனிக் கடை வைத்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம்.

வாஸ்தவம். மாருதி 2011-ம் ஆண்டில் "கிசாஷி" என்ற காரை 16 லட்ச ரூபாய்க்கு மேல் விலை வைத்து, பழைய கடையிலேயே விற்றது. ஓடவில்லை. 2015-ம் ஆண்டில் "நெக்ஸா" என்ற புதுக் கடைகளைத் திறந்தது. கார் அதே கம்பெனிக் கார். ஆனால் கடை வேறு, உபசரிப்பு வேறு. அங்கே விற்ற "பலேனோ" முதலிய கார்களை ஜனங்கள் விரும்பி வாங்கினார்கள்.

ஆனால் நெக்ஸா கார்கள் நடுத்தரக் குடும்பம் கொஞ்சம் எட்டிப் பிடித்தால் கைக்கு வரும் விலையில் இருந்தன. அதாவது நல்ல ஏ.சி. அறை. பத்து ரூபாய் கூடக் கொடுக்கிற இடம். ஐம்பது லட்சத்துக்கு அந்த வழி போதாது. அதற்குத் தனிச் சமையலறை வேண்டும்; ஆகவே தனிப் பெயரும் வேண்டும்.

சின்னக் கார் என்ன ஆகும்?

இனி, வாத்தியார் வீட்டு அம்மாள் கேட்ட கேள்விக்கு வருவோம்.

நம் நாட்டில் நூறு கார் விற்றால், அதில் ஆடம்பரக் கார் சுமார் ஒன்றுதான். மற்ற தொண்ணூற்றொன்பது நம்மைப்போன்றவர்கள் வாங்குவது. ஆனால் ஒரு பெரிய காரில் கிடைக்கும் லாபம், ஒரு சின்னக் காரில் கிடைக்காது. ஆகவே கம்பெனிகளின் கண் மேலேயே போகிறது.

சான்ட்ரோவையே பாருங்கள். முதலில் வந்த சான்ட்ரோவை 2014-ம் ஆண்டு முடிவில் நிறுத்தினார்கள். 2018-ல் அதே பெயரில் புதிதாக விட்டார்கள். 2022-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். அந்தக் கம்பெனி இன்றும் சின்னக் கார்கள் செய்கிறது. ஆனால் நம்மை முதன்முதலில் ஏற்றிச் சென்ற பெயர் இப்பொழுது இல்லை.

அரசாங்கம்கூடச் சின்னக் கார் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பெரிய கார்களுக்கு 40 சதவீதம். வரி குறைந்ததும் ஸ்கூட்டரில் போகிற குடும்பங்கள் மறுபடியும் கார்க் கடை வாசலை எட்டிப் பார்க்கின்றன. இந்தச் சமயத்தில் கம்பெனிகள் அவர்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது.

இன்னொரு பயமும் உண்டு. அது மரியாதையைப் பற்றியது. ஒரு முறை நண்பர் ஒருவரோடு ஒரு கார்க் கம்பெனியின் பட்டறைக்குப் போயிருந்தேன். கம்பெனி எது என்பது இங்கே வேண்டாம். நண்பருடையது பத்து வருஷத்துப் பழைய சின்னக் கார். காலை ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்தோம். பதினொரு மணிக்குப் பெரிய கார் ஒன்று வந்தது. உடனே மேனேஜர் ஓடி வந்தார். நாற்காலி வந்தது, காப்பி வந்தது. எங்கள் பக்கம் யாரும் திரும்பவில்லை. நண்பர் கோபப்படவில்லை. "நம்ம காரு சின்னது சார்" என்று மெதுவாகச் சொன்னார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒரே கடையில் இரண்டு விதமான மனிதர்களை வைத்தால் இதுதான் நடக்கும். இதற்காகவே தனிப் பெயரும், தனிக் கடையும், தனிப் பட்டறையும் இருப்பது நல்லது என்று நான் நினைக்கிறேன். பெரியவர் பெரியவர் இடத்துக்குப் போகட்டும். சின்னக் கார்க்காரர் தம் கடையில் முதல் மனிதராக நிற்கட்டும்!

நம் பக்கத்துக்கு என்ன லாபம்?

வாத்தியார் மகன் சொன்னதையும் தள்ள முடியாது. வேலை வேண்டுமே!

ஆடம்பரக் கார் என்றாலே, வெளிநாட்டில் செய்த சாமான்களைப் பெட்டியில் கொண்டுவந்து இங்கே பூட்டுகிற வேலைதான் அதிகம். அதில் நம் ஆட்களுக்குக் கிடைப்பது கொஞ்சம். ஆனால் அது அப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை. நம் ஜி.எஸ்.டி. சாலையிலேயே தெற்கே போனால், செங்கற்பட்டுக்கு முன்னால் மகேந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை இருக்கிறது. 2007-ம் ஆண்டில் தொடங்கியது. 2015-ம் ஆண்டில் உள்நாட்டுச் சாமான்களின் பங்கை 50 சதவீதம் வரை உயர்த்தியிருப்பதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. அந்தச் சாமான்களைச் செய்யும் தொழிற்சாலைகள் சென்னையைச் சுற்றித்தான் இருக்கின்றன.

அதே சாலையில் மறைமலைநகரில் ஃபோர்டு கம்பெனி 2022-ம் ஆண்டில் கார் உற்பத்தியை நிறுத்தியபோது எத்தனை வீடுகளில் கவலை புகுந்தது என்பது தாம்பரம்வாசிகளுக்குத் தெரியும். எந்தக் கம்பெனி வந்தாலும், வேர் விட்டு நிற்குமா என்று நாம் கேட்பதற்கு அதுதான் காரணம்.

படித்த பிள்ளைகளுக்கும் இதில் பங்கு வேண்டும். நம் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. கல்லூரியை 1949-ம் ஆண்டில் சி. ராஜம் நிறுவினார். ஆரம்பத்திலேயே அங்கே வைத்த பாடங்களில் மோட்டார் வாகனப் பொறியியலும் ஒன்று. விமானத்தையும் மோட்டாரையும் நம் பிள்ளைகள் படித்துச் செய்ய வேண்டும் என்பது அந்த மனிதரின் ஆசை. ஆகவே பெரிய கார் இங்கே வருமானால், திருகு முடுக்குகிற வேலையோடு நிற்கக் கூடாது. யோசித்து உருவாக்குகிற வேலையும் இங்கே வர வேண்டும்.

என் அபிப்பிராயம்

ஆக, என் தீர்ப்பு இதுதான். தனிப் பெயர் வரட்டும். ஆனால் மூன்று நிபந்தனை.

முதலாவது, பெயர் புதிதானால் சரக்கும் புதிதாக இருக்க வேண்டும். ஆறு லட்சக் காரின் சாமானையே தோல் போர்த்தி ஐம்பது லட்சத்துக்கு விற்கக் கூடாது. அப்படிச் செய்தால் பெருங்களத்தூர்க் கதைதான்.

இரண்டாவது, கணக்கும் தனியாக இருக்க வேண்டும். பெரிய காரில் நஷ்டம் வந்தால் அதைச் சின்னக் காரின் விலையில் ஏற்றக் கூடாது. மூத்த மகனுக்கு மாடி கட்டுவதற்காக இளையவன் பங்கை விற்கிற தகப்பன் உண்டா?

மூன்றாவது, பெரிய காரில் கற்றுக்கொண்ட நல்லதைச் சின்னக் காருக்கும் கொடுக்க வேண்டும். முக்கியமாக, உயிரைக் காக்கும் விஷயங்களை. விபத்தில் மோதும்போது பெரிய காரில் இருக்கும் குழந்தையும் குழந்தைதான். சின்னக் காரில் இருக்கும் குழந்தையும் குழந்தைதான். ஆடம்பரம் பெரியவருக்கே இருக்கட்டும். பாதுகாப்பில் வித்தியாசம் வேண்டாம்.

இந்த மூன்றையும் செய்கிற கம்பெனி, மேலே எத்தனை பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். நமக்குப் பொறாமை இல்லை. இவற்றைச் செய்ய முடியாவிட்டால், இருக்கிற பெயரைக் காப்பாற்றிக்கொண்டு இருப்பதே மேல்.

இதைத் திண்ணையில் சொன்னேன். வாத்தியார் தலையை ஆட்டினார். மகன், "மூன்றாவது நிபந்தனை ரொம்பச் சரி, மாமா" என்றான். அவனுடைய இரண்டு வயதுக் குழந்தை அப்பொழுது ஸ்கூட்டரின் முன்னால் ஏறி நின்று ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தது.

அந்த அம்மாள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "அடுத்த மாசம் காரு பார்க்கப் போகிறோம். நீங்களும் வாங்க. இந்த மூணையும் அந்தக் கடைக்காரன்கிட்டேயும் கேட்டுப் பார்க்கலாம்" என்றார்.

போகத்தான் போகிறேன்.